சூழலுக்கு உகந்த பேக்கேஜிங் டிசைன் படிக்க ஆசை. எங்கே தொடங்குவது, வேலை கிடைக்குமா?

காகிதக்கொக்கு:
வணக்கம். கிராஃபிக் டிசைன் கடைசி வருடம் படிக்கிறேன். இந்தப் பருவத்து புராஜெக்ட்டுக்காக ஒரு சின்ன கண்ணாடி விளக்குக்குப் பெட்டி செய்தேன். பிளாஸ்டிக் இல்லை, பசை இல்லை, முழுக்க மடிப்புதான். பழுப்பு அட்டை, ஒரே நிற மை. ஆசிரியர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மதிப்பிட வந்தவர்களில் ஒருவர் பேக்கேஜிங் துறையில் இருப்பவர். பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்றே கேள்வி கேட்டார். "உள்ளே இருப்பது எத்தனை கிராம்? கிடங்கில் இதன் மேல் எத்தனை பெட்டி அடுக்குவார்கள்? அட்டையின் நெளிவு ஏன் படுக்கையாக ஓடுகிறது?" மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. நெளிவுக்குத் திசை உண்டு என்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

அவமானமாக இருந்தது. ஆனால் அன்றிலிருந்து இதைத் தவிர வேறெதிலும் மனம் போகவில்லை. முதுகலை படிக்க வேண்டுமா, அல்லது நேரே வேலைக்குப் போய்க் கற்றுக்கொள்ளலாமா? பள்ளிக்குப் பிறகு நான் அறிவியல் பக்கமே போனதில்லை, அது தடையா? அப்புறம், இது நிலைக்கிற தொழிலா, ஐந்து வருடத்தில் ஓய்ந்துவிடுகிற பேச்சா? துறையில் இருப்பவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள்.

நெளிஅட்டை:
அந்த மூன்று கேள்வி கேட்டவருக்கு ஒரு கும்பிடு போடுங்கள். பாதிப் படிப்பை அவர் அங்கேயே இலவசமாக நடத்திவிட்டார்.

நான் நெளி அட்டைப் பெட்டி வடிவமைப்பில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். முதலில் அந்த நெளிவு, அதாவது அட்டையின் இரண்டு தாள்களுக்கு நடுவே அலையாக ஓடும் தாள். பெட்டியின் சுவரில் நெளிவு செங்குத்தாக நிற்க வேண்டும். தூண் மாதிரி. மேலிருந்து வரும் பாரத்தை அதுதான் தாங்குகிறது, அதுவும் பெரும்பகுதி மூலைகளில். படுக்கையாகப் போட்டால் சுவர் சீக்கிரமே மடங்கிவிடும். வேண்டுமென்றே படுக்கையாகப் போடும் இடங்களும் உண்டு, ஆனால் ஏன் போடுகிறோம் என்று தெரிந்து போட வேண்டும். பெட்டி எவ்வளவு பாரம் தாங்கும் என்று தோராயமாகக் கணக்கிட 1963-லிருந்தே ஒரு சூத்திரம் இருக்கிறது, மெக்கீ சூத்திரம் என்பார்கள். அட்டையின் விளிம்பு நசுங்கும் வலிமை, தடிமன், பெட்டியின் சுற்றளவு, இந்த மூன்றும் தெரிந்தால் போதும். எளிமையாக்கிய வடிவத்தில் பெட்டியின் உயரம் வராது. இதைச் சொன்னால் புதியவர்கள் நம்புவதில்லை.

அந்தக் கணக்கு சோதனைக்கூடத்துப் பெட்டிக்குத்தான். கிடங்கில் ஈரப்பதம் ஏறினால் அட்டை தளர்ந்துவிடும். மாதக்கணக்கில் பாரம் சுமந்தால் மெல்ல மெல்லச் சரியும். அடுக்கும்போது ஒன்றன் மேல் ஒன்றாக நேரே அடுக்காமல் செங்கல் மாதிரி மாற்றி அடுக்கினால் மூலையின் மேல் மூலை உட்காராது, பலம் கணிசமாகக் குறையும். பெட்டிகளை அடுக்கித் தூக்கும் தட்டுப் பலகையின் (பேலட்) விளிம்பைத் தாண்டிப் பெட்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் அதே கதிதான்.

இதற்கும் சூழலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். இதுதான் தொடர்பு. பலம் பற்றிப் பயம் இருப்பவர் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு அடுக்கு கூடுதலாகப் போடுவார். கணக்குத் தெரிந்தவர் அந்த அடுக்கை எடுப்பார். நான் இதுவரை சூழலுக்குச் செய்த நல்லது என்று ஏதாவது இருந்தால் அது இலை படம் போட்ட பெட்டி எதிலும் இல்லை. யாரும் கவனிக்காத சாதாரணப் பெட்டிகளில் நான் எடுத்துப்போட்ட கிராம்களில் இருக்கிறது.

பேல்கட்டு:
நெளிஅட்டை பெட்டியின் பிறப்பைச் சொல்லிவிட்டார். நான் கடைசிப் பயணத்தைச் சொல்கிறேன். மறுசுழற்சிக் கழிவைத் தரம்பிரிக்கும் ஆலையில் வேலை. பெல்ட்டில் வருவது எதுவும் வடிவமைப்பாளர் திரையில் பார்த்த மாதிரி வராது. நசுங்கி, நனைந்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி வரும்.

டிசைன் படிப்பவர்கள் எல்லாரும் ஒரு நாள் அந்த பெல்ட் அருகே நிற்க வேண்டும். நின்றால் புரிவது இவைதான். பிளாஸ்டிக்கை அடையாளம் காண்பது அகச்சிவப்புக் கதிர். மேலே விழும் ஒளி திரும்பி வருவதை வைத்து இது இன்ன பிளாஸ்டிக் என்று இயந்திரம் சொல்லும், காற்று ஊதித் தள்ளும். கார்பன் கருப்பு நிறமி போட்ட தட்டு அந்த ஒளியை விழுங்கிவிடும். இயந்திரத்துக்கு அது இல்லாத பொருள். நல்ல பிளாஸ்டிக்காக இருந்தாலும் நேரே குப்பைக்குப் போகும். யாரோ ஒருவர் "கருப்பு என்றால் உயர்தரத் தோற்றம்" என்று தேர்ந்தெடுத்ததன் விலை அது.

அடுத்தது பெட் (தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்) பாட்டிலின் மேல் முழுக்கச் சுற்றிய சுருங்கு உறை. இயந்திரம் பார்ப்பது பாட்டிலை இல்லை, உறையை. அதையும் தாண்டி வந்தால் அரைத்துத் தண்ணீர்த் தொட்டியில் போடுவோம். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் பெட்டின் அடர்த்தி சுமார் 1.38, மூழ்கும். மூடியின் பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் 1-க்குக் கீழே, மிதக்கும். எனவே மூடி வேறு பிளாஸ்டிக்காக இருப்பதில் தவறில்லை, தண்ணீரே பிரித்துக் கொடுத்துவிடும். பிவிசி லேபிள் ஒட்டினால்தான் வினை. அதுவும் மூழ்கும். பெட்டோடு சேர்ந்து உருக்கும்போது சிதைந்து அமிலம் கக்கும், மொத்தத் தொகுதியும் பழுப்பாகிவிடும். "எல்லாப் பாகமும் ஒரே பொருளாக இருக்க வேண்டும்" என்று ஒப்பிப்பதைவிட எது எப்படிப் பிரியும் என்று தெரிந்துகொள்வது முக்கியம்.

அடியில் முக்கோணத்துக்குள் எண் இருந்தால் மறுசுழற்சி ஆகும் என்று நினைத்துவிடாதீர்கள். 1988-ல் பிளாஸ்டிக் துறையினர் கொண்டுவந்தது அது. என்ன வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்லும்.

தூரிகை:
இடையில் ஒரு சின்ன விஷயம். துரத்தும் அம்புகள் போட்ட அந்த மறுசுழற்சிச் சின்னமே ஒரு மாணவர் வரைந்ததுதான். கேரி ஆண்டர்சன், 1970, அட்டை நிறுவனம் ஒன்று நடத்திய போட்டி. அப்போது அவர் படித்துக்கொண்டிருந்தார். காகிதக்கொக்கு, மாணவர்கள் செய்வதற்கு மதிப்பில்லை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

முன்னாள்பசுமை:
எல்லாரும் உற்சாகமாக இருக்கிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன். இந்தத் துறையில் ஆறு வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தவன். பதவியின் பெயரிலேயே "சஸ்டெய்னபிள்" இருந்தது. முதல் வருடம் எனக்கு வந்த வேலை என்ன தெரியுமா? பளபளப்பான வெள்ளை அட்டையைப் பழுப்பு நிறமாக மாற்றுவது. பழுப்பு அட்டை வாங்கி அல்ல. வெள்ளை அட்டையின் மேல் பழுப்பு நிறத்தை அச்சடித்து. உள்ளே இருந்த பிளாஸ்டிக் பூச்சு அப்படியே இருந்தது. கூட்டத்தில் கேட்டேன். "வாடிக்கையாளர் கண்ணுக்கு இயற்கையாகத் தெரிகிறதா இல்லையா?" என்று பதில் வந்தது.

வடிவமைப்பாளர் கையில் அதிகாரம் இல்லை. எந்தப் பொருள், எந்த இயந்திரம், எந்த விற்பனையாளர் என்பதெல்லாம் நீங்கள் உட்காரும் முன்பே முடிவாகியிருக்கும். போதாக்குறைக்கு "நல்ல" மாற்று என்று நாம் நினைப்பதும் கேள்விக்குரியதுதான். டென்மார்க் அரசின் சூழல் அமைப்பு 2018-ல் வெளியிட்ட ஆய்வு, இயற்கை முறைப் பருத்திப் பையை 20,000 தடவை பயன்படுத்தினால்தான் சாதாரண பிளாஸ்டிக் பைக்குச் சமம் என்றது. துணிப்பையே இப்படி என்றால் எதை நம்பி டிசைன் செய்வது?

தராசு:
முன்னாள்பசுமை, உங்கள் முதல் பத்திக்கு மறுப்பில்லை. பழுப்பு மை கதை மாதிரி நானும் இரண்டு மூன்று பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த 20,000 என்ற எண்ணைத் தனியாக எடுத்து வீசாதீர்கள். வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு, அதாவது எல்சிஏ, என் தொழில். அந்த எண்ணைப் பார்த்தாலே என் கை துடிக்கும்.

அந்த ஆய்வு பல வகைப் பாதிப்புகளைத் தனித்தனியாக அளந்தது. பருவநிலை மாற்றத்தை மட்டும் பார்த்தால் அதே பருத்திப் பைக்கு வந்த எண் 149. எல்லாப் பாதிப்புகளிலும் மோசமானதை எடுத்தால்தான் 20,000. அந்த மோசமான ஒன்று ஓசோன் படலச் சிதைவு. இரண்டு எண்ணும் ஒரே அறிக்கையில் இருக்கின்றன. தலைப்புச் செய்திக்கு எது போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பை காற்றில் பறந்து கடலில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் அந்தக் கணக்கு எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே ஆய்வு பொய் இல்லை, அதைப் படிக்கத் தெரிய வேண்டும். காகிதக்கொக்கு, நீங்கள் இந்தத் துறைக்கு வந்தால் உங்களைக் காப்பாற்றப்போவது இந்தப் படிக்கத் தெரிவதுதான்.

எல்சிஏ-வுக்கு ஐஎஸ்ஓ 14040, 14044 என்று இரண்டு தரநிலைகள். இரண்டிலும் உயிர்நாடி "செயல்பாட்டு அலகு". பெட்டியைப் பெட்டியோடு ஒப்பிடக் கூடாது, அது செய்யும் வேலையோடு ஒப்பிட வேண்டும். உதாரணத்துக்கு "ஆயிரம் விளக்குகளை உடையாமல் வீடு சேர்ப்பது." இப்படி எழுதியவுடனே கணக்கு மாறிவிடும். மெல்லிய பெட்டியில் பத்து விளக்கு உடைகிறது, தடித்த பெட்டியில் ஒன்று உடைகிறது என்றால் உடைந்த விளக்குகளின் சுமையும் மெல்லிய பெட்டியின் கணக்கில்தான் ஏறும். பெரும்பாலும் உள்ளே இருக்கும் பொருளைச் செய்ய ஆன சுமை பேக்கேஜிங்கின் சுமையைவிடப் பல மடங்கு. சீக்கிரம் கெட்டுப்போகும் பொருளுக்கு இது இன்னும் பொருந்தும்.

திரும்ப வாங்கிக் கழுவி நிரப்பும் பாட்டிலுக்கும் இதே விதி. ஒரு சுற்றில் அது தோற்கும், ஏனென்றால் கனமாக இருக்கிறது. எத்தனை சுற்று வரும், எவ்வளவு தூரம் திரும்பி வரும், எத்தனை தொலைந்துபோகும் என்பதில்தான் வெற்றி. அதை வடிவமைப்பவர் பாட்டிலை மட்டும் வடிவமைத்தால் போதாது, திரும்பிவரும் வழியையும் வடிவமைக்க வேண்டும்.

ஓப்பன்எல்சிஏ என்று ஒரு மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் விளக்குப் பெட்டியை அதில் போட்டுப் பாருங்கள். முதல் முறை அபத்தமான எண் வரும். எனக்கும் வந்தது, கிராமைக் கிலோ என்று போட்டிருந்தேன்.

காகிதக்கொக்கு:
இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. நன்றி. நெளிஅட்டை சார், பேல்கட்டு சார், ஒரு சந்தேகம். மக்கும் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தினால் இந்த பெல்ட், அகச்சிவப்பு எல்லாத் தொல்லையும் போய்விடாதா? என் வகுப்பில் பாதிப்பேர் அதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

பேல்கட்டு:
சார் எல்லாம் வேண்டாம். பெல்ட்டில் நிற்பவனை யாரும் சார் என்று கூப்பிடுவதில்லை, கூச்சமாக இருக்கிறது.

மக்கும் பிளாஸ்டிக்கில் ஒரு வகை பிஎல்ஏ. அந்த பாட்டில் பார்க்க பெட் பாட்டில் மாதிரியே இருக்கும். வீட்டில் பிரிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. அதுவும் தண்ணீரில் மூழ்கும். பெட்டோடு கொஞ்சம் கலந்தாலும் உருக்கும்போது தரத்தைக் கெடுக்கும். ஆக, எங்களுக்குத் தொல்லை போகவில்லை, புதிதாக ஒன்று வந்திருக்கிறது.

தராசு:
"மக்கும்" என்ற சொல்லைக் கேட்டவுடன் எங்கே, எத்தனை நாளில், எந்தச் சூட்டில் என்று கேளுங்கள். ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 13432 சொல்வது இது: உரமாக்கும் சூழலில் 6 மாதத்துக்குள் குறைந்தது 90 சதவீதம் உயிரிச்சிதைவு அடைய வேண்டும். 12 வாரத்துக்குப் பிறகு 2 மில்லிமீட்டர் சல்லடையில் 10 சதவீதத்துக்கு மேல் தங்கக் கூடாது. அந்தச் சூழல் தொழிற்சாலை உரக்கூடம், சோதனை நடப்பது 58 டிகிரி அளவில். வீட்டுத் தோட்டத்துக் குழி அந்தச் சூட்டுக்கு அருகில்கூட வராது. கடலைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எனக்கு மக்கும் பொருளின் மேல் பகை இல்லை. உணவு ஒட்டிக்கொண்டு எப்படியும் உரக்கூடத்துக்குப் போகிற பொருள்கள் இருக்கின்றன. உணவுக் கழிவு சேகரிக்கும் பை, பழத்தில் ஒட்டும் ஸ்டிக்கர் மாதிரி. அங்கே அது சரியான விடை. ஒரு கண்ணாடி விளக்குக்கு எதற்கு?

சட்டப்பக்கம்:
"ஐந்து வருடத்தில் ஓய்ந்துவிடுமா" என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தில் பேக்கேஜிங் விதிமுறை இணக்கம் பார்க்கிறேன். ஓயாது. காரணம் நல்லெண்ணம் இல்லை, சட்டம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 1994-ல் வந்த பேக்கேஜிங் உத்தரவுக்குப் பதிலாக 2025/40 என்ற ஒழுங்குமுறை வந்துவிட்டது. 2025 பிப்ரவரி 11-ல் அமலுக்கு வந்தது, பொதுவான விதிகள் 2026 ஆகஸ்ட் 12 முதல் பொருந்தும். முன்பு இருந்தது உத்தரவு, ஒவ்வொரு நாடும் தன் சட்டமாக மாற்றிக்கொள்ளும். இப்போது இருப்பது ஒழுங்குமுறை, நேரடியாகப் பொருந்தும். 2030-லிருந்து பேக்கேஜிங்குக்கு மறுசுழற்சித் தகுதியில் ஏ, பி, சி என்று தரம். 2038-லிருந்து சி தரத்துக்கும் இடமில்லை. ஆன்லைனில் அனுப்பும் பெட்டியிலும் 2030 வாக்கிலிருந்து வெற்றிடம் 50 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அந்தக் கணக்கில் காற்றுப் பையும் கசக்கிய காகிதமும் வெற்றிடம்தான். இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு எங்கள் கிடங்குக்காரர்கள் இரண்டு நாள் பேசவில்லை.

உணவு படும் பேக்கேஜிங்கில் பிஃபாஸ் வேதிப்பொருள்களுக்கும் அதே 2026 ஆகஸ்ட்டிலிருந்து வரம்பு. எண்ணெய் ஊறாமல் இருக்கக் கூழ்த் தட்டுகளிலும் காகிதங்களிலும் சேர்த்தவை அவை. கலிஃபோர்னியாவில் 2022-ல் வந்த எஸ்பி 54 என்ற சட்டம் 2032-க்குள் ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பேக்கேஜிங்கை 25 சதவீதம் குறைக்கச் சொல்கிறது. பல நாடுகளில் உற்பத்தியாளரே கழிவுச் செலவைச் சுமக்க வேண்டும், மறுசுழற்சிக்குக் கடினமான பேக்கேஜிங்குக்குக் கட்டணம் அதிகம்.

விளைவு என்னவென்றால், விற்பனை எங்கே நடக்கிறதோ அந்த இடத்துச் சட்டம் உற்பத்தி நடக்கும் இடத்துப் பெட்டியை மாற்றுகிறது. எங்களிடம் ஒவ்வொரு பேக்கின் எடை, பொருள், பூச்சு, மை எல்லாம் தரவாக இருக்க வேண்டும். இருக்கிறதா என்றால் பாதிக்கு இல்லை. அதைச் சேகரிக்கவும், தேறாததை மறுபடி வடிவமைக்கவும் ஆள் தேடிக்கொண்டே இருக்கிறோம்.

முன்னாள்பசுமை, உங்களைப் பழுப்பு மை அடிக்கச் சொன்ன மாதிரிக் கூட்டத்தில் இன்றைக்கு எனக்கும் ஒரு நாற்காலி இருக்கும். நான் "முடியாது" என்றால் அது கருத்து இல்லை.

முன்னாள்பசுமை:
அது நடந்திருந்தால் நான் இருந்திருப்பேன். சரி, மாறியிருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் காகிதக்கொக்குக்கு ஒரு எச்சரிக்கை. வேலைக்கு நேர்காணல் போகும்போது நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள். "கடந்த ஒரு வருடத்தில் இந்தக் குழு எந்தப் பொருளின் பேக்கேஜிங்கை மாற்றியது, எத்தனை கிராம் குறைந்தது?" என்று. எண் வந்தால் சேருங்கள். கொள்கைப் புத்தகத்தை எடுத்து நீட்டினால் யோசியுங்கள்.

தேன்கூடு:
படிப்பு பற்றி நான் எழுதுகிறேன். கட்டுமான வடிவமைப்பிலிருந்து பேக்கேஜிங் முதுகலைக்குப் போனவள். என் இளங்கலையும் அறிவியல் இல்லை.

பேக்கேஜிங்குக்கென்றே பள்ளி வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் உலகில் கொஞ்சம்தான். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1952-லிருந்து இருக்கிறது. ரோசெஸ்டர் தொழில்நுட்ப நிறுவனம், கிளெம்சன் இரண்டிலும் பேக்கேஜிங் அறிவியல் பட்டம் உண்டு. இந்தியப் பேக்கேஜிங் நிறுவனம் 1966-ல் தொடங்கியது. மற்ற இடங்களில் இது அச்சுத் தொழில்நுட்பம், பாலிமர், உணவுத் தொழில்நுட்பம், தொழில் வடிவமைப்பு என்று எதன் கீழாவது ஒளிந்திருக்கும். ஆகவே படிப்பின் பெயரை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தைப் பாருங்கள். நான் பார்த்தது மூன்று விஷயம்தான். சோதனைக்கூடம் இருக்கிறதா, அதாவது பெட்டியை நசுக்கும் இயந்திரம், விழவைக்கும் மேடை, அதிர்வு மேசை. பொருள் அறிவியல் பாடம் உண்டா. ஆறு மாதமாவது நிறுவனத்தில் போய் வேலை செய்ய வைக்கிறார்களா. முதலாவது இல்லாமல் "நீடித்த பேக்கேஜிங்" என்று பெயர் மட்டும் வைத்திருந்தால் கட்டுரை எழுதிப் பட்டம் வாங்கி வருவீர்கள்.

அறிவியல் தடையா? முதல் பருவம் எனக்குக் கண்ணீர்தான். ஆக்சிஜன் ஊடுருவும் வீதம் என்று ஒரு பாடம். ஏன் ஒரு சிறிய பாக்கெட்டுக்கு ஏழு அடுக்கு என்று அன்றுதான் புரிந்தது. ஒன்று ஈரத்தைத் தடுக்கும், ஆனால் ஆக்சிஜனை விடும். இன்னொன்று நேர்மாறு. நடுவில் இரண்டையும் ஒட்ட ஒரு அடுக்கு. இதைத்தான் இப்போது ஒரே குடும்பப் பாலிஎத்திலீனில் செய்ய முயல்கிறார்கள், மிக மெல்லிய தடுப்பு அடுக்கோடு. தேவைப்படும் வேதியியல் பள்ளி அளவுதான், ஆனால் அதை மறந்திருந்தால் திரும்பப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதுகலைதான் வழியா என்றால், எனக்கு அது சரியாக இருந்தது, ஏனென்றால் ஆலையில் சேர எனக்கு யாரையும் தெரியாது. உங்களுக்கு ஒரு பெட்டி ஆலையில் மாதிரி மேசையில் உட்காரும் வாய்ப்பு கிடைத்தால் முதலில் அங்கே போங்கள்.

நெளிஅட்டை:
தேன்கூடு சொன்னதில் கடைசி வரிக்கு என் ஓட்டு. மாதிரி மேசை என்பது வெட்டும் இயந்திரம் ஓடும் இடம். விற்பனைப் பிரிவு காலையில் ஒரு பொருளைக் கொண்டுவந்து வைக்கும், மாலைக்குள் பெட்டி வேண்டும். இரண்டு வருடம் அதில் இருந்தால் பெட்டி வரையும் மென்பொருளான ஆர்ட்டியோஸ்கேட் விரலில் வந்துவிடும், மடிப்புக்கோடு எங்கே வெடிக்கும் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். பெட்டி வகைகளுக்கான ஃபெஃப்கோ குறியீடுகள் தானாக வாயில் வரும். 0201 என்றால் எல்லாருக்கும் தெரிந்த சாதாரணப் பெட்டி, 0427 என்றால் ஆன்லைனில் வரும் மூடி மடித்த பெட்டி.

வேலை தேடும்போது "சஸ்டெய்னபிள்" என்று தேடினால் குறைவாகத்தான் வரும். ஸ்ட்ரக்சுரல் டிசைனர், பேக்கேஜிங் டெவலப்மென்ட் இன்ஜினியர், பேக்கேஜிங் டெக்னாலஜிஸ்ட் என்று தேடுங்கள். பெட்டி செய்யும் ஆலை, பொருள் விற்கும் பிராண்ட், ஆன்லைன் கிடங்கு நடத்துபவர்கள், உற்பத்தியாளர் பொறுப்பைக் கவனிக்கும் அமைப்புகள், ஆலோசனை நிறுவனங்கள், எல்லா இடத்திலும் இந்த வேலை வேறு வேறு பெயரில் இருக்கிறது. என் பதவியில் இன்றுவரை பசுமை என்ற சொல் கிடையாது.

தூரிகை:
படித்துக்கொண்டே வருகிறேன், வயிறு கலங்குகிறது. அப்படியானால் எங்களைப் போல் வரைகலை மட்டும் படித்தவர்களுக்கு இங்கே இடமே இல்லையா?

பேல்கட்டு:
இருக்கிறது. என் பெல்ட்டைக் காப்பாற்றுவதே நீங்கள்தான். உறையை உரித்துவிட்டுப் போடுங்கள் என்று பின்பக்கம் அடியில் எறும்பு எழுத்தில் எழுதியிருந்தால் யார் உரிப்பார்கள்? உரிக்க வேண்டிய இடத்தில் துளைக்கோடு, அதன் பக்கத்தில் விரல் வைக்கும் படம், இரண்டும் சேர்ந்தால்தான் நடக்கும். துளைக்கோடு பொறியாளர் வேலை, அதைப் பார்க்க வைப்பது உங்கள் வேலை. மையைக் குறைப்பதும், லேபிளைச் சிறிதாக்கினாலும் அலமாரியில் அடையாளம் தெரிய வைப்பதும் எந்தப் பொறியாளருக்கு வரும்?

சட்டப்பக்கம்:
கூடவே, "சூழல் நட்பு" என்று மொட்டையாக எழுதினால் பல இடங்களில் இப்போது ஆதாரம் கேட்கிறார்கள். என்ன எழுதலாம், என்ன எழுதக் கூடாது என்று தெரிந்த வரைகலைக்காரர் எனக்குக் கிடைத்தால் நான் தூங்குவேன்.

நெளிஅட்டை:
காகிதக்கொக்கு, வீட்டுப்பாடம் தருகிறேன், செய்தால் இங்கே வந்து எழுதுங்கள். அந்த விளக்குப் பெட்டிகளை அடைக்கும் வெளிப்பெட்டியின் அளவை எடுங்கள். 1200-க்கு 800 மில்லிமீட்டர் தட்டுப் பலகை ஒன்றைக் காகிதத்தில் வரைந்து ஒரு அடுக்கில் எத்தனை நிற்கிறது என்று பாருங்கள். பிறகு நிஜமாகவே விழவைத்துப் பாருங்கள். ஐஎஸ்டிஏ 1ஏ என்ற போக்குவரத்துச் சோதனையில் பத்துக் கிலோவுக்குக் குறைவான பொதிக்கு 76 சென்டிமீட்டர் உயரம், பத்து வீழ்ச்சி. ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு முகம். அதிர்வுச் சோதனையும் உண்டு, அதற்கு வீட்டில் வழியில்லை, விடுங்கள். கீழே துணி விரிக்காதீர்கள், மனசு கேட்காது, ஆனாலும் விரிக்காதீர்கள்.

(மூன்று வாரம் கழித்து)

காகிதக்கொக்கு:
வந்துவிட்டேன். செய்தேன்.

என் வெளிப்பெட்டி 410-க்கு 310. தட்டுப் பலகையில் எப்படிச் சுழற்றி அடுக்கினாலும் ஆறுக்கு மேல் எனக்கு வரவில்லை. ஏதோ தோன்றி 400-க்கு 300 என்று மாற்றி வரைந்தேன். எட்டு நின்றது, ஒரு மில்லிமீட்டர்கூட மிச்சம் இல்லாமல். பக்கத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் கூடுதலாக இருந்ததால் மூன்று லாரியில் போகக்கூடியது நான்கு லாரியில் போயிருக்கும். பிளாஸ்டிக்கே இல்லை என்று நான் பெருமைப்பட்ட பெட்டி. அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

அந்த ஐந்து மில்லிமீட்டரை உள்ளே இருக்கும் மடிப்புத் தடுப்பிலிருந்து எடுத்தேன். நெளிவையும் செங்குத்தாக்கிவிட்டேன். முதல் மாதிரி மூன்றாவது வீழ்ச்சியில் போனது. இரண்டாவதில் தடுப்பின் மடிப்பை மாற்றி விளக்கின் தலைக்கும் மூலைக்கும் நடுவில் காலி இடம் விட்டேன், அது ஏழாவது வரை வந்தது. நேற்று மூன்றாவது மாதிரி. ஆறு முகமும் தாங்கியது, மூன்று விளிம்பும் தாங்கியது. மூலையைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அதில் உடைந்தது.

நெளிஅட்டை:
மூலையைத்தான் முதலில் போட வேண்டும், வரிசை அது. அது கிடக்கட்டும், எந்த மூலை?

காகிதக்கொக்கு:
வெளிப்பெட்டியின் ஒட்டு சேரும் பக்கம், அடியில்.

நெளிஅட்டை:
2-3-5, அதாவது அந்த எண்ணுள்ள மூன்று முகங்கள் சேரும் மூலை. அடியில் எந்த மூலை பலவீனம் என்று தெரியாவிட்டால் சோதனைக்கு அந்த மூலையைத்தான் எடுப்பார்கள். ஒட்டு இருப்பதால் அங்கே அட்டை மற்ற மூலைகள் மாதிரி நடந்துகொள்வதில்லை. உள் தடுப்பைப் பாதிச் சுற்று திருப்பி வையுங்கள், விளக்கின் தலை எதிர்ப்பக்கம் போகட்டும். அட்டை கூட்ட வேண்டாம். உடைந்த மூன்றையும் படம் எடுத்தீர்களா? போர்ட்ஃபோலியோவில் முதல் பக்கத்தில் அதைப் போடுங்கள், பழுப்புப் பெட்டியை அல்ல.

காகிதக்கொக்கு:
எடுத்தேன். கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிவிட்டேன். விளக்கு இன்னும் இரண்டு மீதி இருக்கிறது. நாளை தடுப்பைத் திருப்பிவிட்டு மூலையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.